சுவரைப் பார்த்து நின்ற பிள்ளை

இந்தத் தமிழ்ப் பள்ளிக்குப் புதிதாகப் படிப்பிக்க வந்திருக்கும் பிள்ளைகளே, பாடத்திட்டம் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அது உங்கள் போனிலேயே கிடக்கிறது. வரவு எடுப்பது, நெருப்பு மணி அடித்தால் எந்தக் கதவால் ஓடுவது, எந்தப் பிள்ளைக்குக் கச்சான் கடலை ஒத்துவராது என்பதையெல்லாம் அதிபர் விளக்குவார். அவருக்கு அவை உயிர். நான் இங்கே உட்கார்ந்திருப்பது வேறு ஒரு கதைக்காக. எனக்கு முழங்கால் போய்விட்டது, வேலையும் விட்டுவிட்டேன். வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை என்று என் மனுசன் சொல்கிறார். அவர் சொல்வதில் அது ஒன்றுதான் சரி.

கிழமை நாட்களில் கிழக்கு லண்டனில் ஓர் ஆரம்பப் பாடசாலையில் வகுப்பாசிரியை. சனிக்கிழமைகளில் பிளேஸ்டோவில், இதே கோயில் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடத்திய தமிழ்ப் பள்ளியில் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு ஆசிரியை. என் வாழ்க்கையின் பெரும்பகுதி அவ்வளவுதான். கோயில் என்று நான் சொல்வது மாதா கோயில். இந்துப் பிள்ளைகளும் வேதக்காரப் பிள்ளைகளும் இங்கே ஒன்றாகத்தான் படித்தார்கள், ஒன்றாகத்தான் குழப்படி செய்தார்கள்.

ஒரு முறை, பிள்ளைகளோடு தத்துவம் பேசுவது எப்படி என்று கிழமைநாள் பாடசாலையில் எங்களுக்குப் பயிற்சி வைத்தார்கள். பிள்ளைகள் வட்டமாக நிலத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு பிள்ளை ஒரு கேள்வியைக் கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் அதைப் பற்றிக் கதைப்பார்கள். ஆசிரியர் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டும். எனக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். பயிற்சி தந்தவர் கண்கள் பனிக்கச் சொன்னார், ஒவ்வொரு குழந்தையும் பிறவியிலேயே சிந்தனையாளர் என்று. நானும் உருகித்தான் போனேன். வீட்டுக்கு வந்து கொஞ்சம் புத்தகமும் எடுத்துப் படித்தேன்.

படிக்கப் படிக்க எனக்கு எரிச்சல் வந்தது. குழந்தை என்றால் யார், அதை எப்படி வளர்ப்பது என்று எழுதிய பழைய ஐரோப்பிய மேதைகள் பலருக்கு எங்களைப் போன்ற சனங்கள் முழுப்பேரும் குழந்தைகள். நாங்கள் இன்னும் வளரவில்லை, வளர்ந்தவர்கள் கையைப் பிடித்து நடத்த வேண்டுமாம். சரி, அப்படியென்றால் எங்கள் குழந்தைகளை இரட்டிப்புக் குழந்தைகளாகத்தானே பார்த்திருக்க வேண்டும்? இல்லை. தோட்டத்தில் வேலை செய்ய, அடி வாங்க, பாரம் தூக்க அவர்கள் போதுமான அளவு வளர்ந்த ஆட்கள். அறுபது வயதுக் கிழவன் பிள்ளையாம், ஆறு வயதுப் பிள்ளை பெரிய ஆளாம். என்ன கணக்கோ!

அந்தக் கணக்கு பழைய புத்தகத்தோடு முடிந்துவிடவில்லை. "நான் ஏன் நீங்கள் சொல்வதைக் கேட்க வேண்டும்?" என்று ஒரு வெள்ளைக்காரப் பையன் வட்டத்தில் கேட்டால், ஆசிரியர் அறையில் தேநீரோடு அது ஆழமான கேள்வியாகப் பேசப்படும். அதே கேள்வியை ஒரு கறுப்பினச் சிறுமி கேட்டால், இப்பவே இவ்வளவு வாய், இன்னும் நாலு வருசத்தில் எப்படியோ என்பார்கள். எங்கள் பாடசாலையில் ஒரு துணைத் தலைமை ஆசிரியை இருந்தார். கரிபியன் பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர், சிரித்துக்கொண்டே வெட்டுகிற ஆள். ஒரு நாள் அந்த ஆசிரியர் அறையில் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை என்ன செய்கிறது என்று முதலில் பாருங்கள். எந்தப் பிள்ளை என்பதை அதற்குப் பிறகு பாருங்கள்." நான் மனதுக்குள் கைதட்டினேன். வெள்ளைக்காரருக்கு நல்லா வேணும் என்று நினைத்தேன்.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன்.

எஸ்தர் என்றொரு பிள்ளை என் சனிக்கிழமை வகுப்புக்கு வந்தாள். தாய் ஜெசிந்தா மன்னார்ப் பக்கம், முதியோர் இல்லத்தில் ஷிப்ட் வேலை. தகப்பன் கானா நாட்டவர், பஸ் ஓட்டுகிறார். கலியாணத்துக்கு ஜெசிந்தாவின் பக்கத்தில் ஒருவரும் வரவில்லை. முதல் நாள் மகளைக் கொண்டுவந்து விட்டபோது, கதவடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், தமிழ் கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்லை. இவளுக்கும் எங்கட ஆக்கள் எண்டு நாலு பேர் வேணும். அதுக்குத்தான் கொண்டுவாறன்."

"அதுக்கென்ன, விட்டிட்டுப் போ. நான் இருக்கிறன்" என்றேன்.

எஸ்தர் தகப்பனைப் போல உயரம். வகுப்பில் எல்லாரையும் விட ஒரு தலை கூட. மற்றபடி முழுக் குழந்தை. பென்சிலின் பின்பக்கத்தைக் கடிப்பாள், கதை சொன்னால் வாயைத் திறந்துகொண்டு கேட்பாள், படத்தில் பூனை கீறச் சொன்னாலும் வீடு கீறச் சொன்னாலும் பூனைதான் கீறுவாள்.

எங்கள் பள்ளியில் சின்னவர்கள் பெரியவர்களை அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிட வேண்டும். நல்ல பழக்கம். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழில் வேறொன்றும் வராவிட்டாலும் அது வரும். ஆனால் எஸ்தர் வந்த சில கிழமைகளிலேயே, அவளை வகுப்பில் எல்லாரும் அக்கா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். பிள்ளைகளாகத் தொடங்கவில்லை, தாய்மார் சொல்லிக் கொடுத்தார்கள். "அக்காவுக்கு வழி விடு." "அக்காவோட நில்லு, அக்கா பாத்துக்கொள்ளுவா." சுகந்தி என்றொரு தாய், அவளுடைய மகள் ஆரணி அதே வகுப்பு, எஸ்தரை விடச் சில மாதம் மூத்தவள். அந்த ஆரணியும் எஸ்தரை அக்கா என்றாள். கதிரை அடுக்குவது எஸ்தர். பாலர் வகுப்புப் பிள்ளைகளைக் கைகழுவக் கூட்டிப் போவது எஸ்தர். ஆண்டு விழா நாடகத்தில் வகுப்புப் பிள்ளைகள் முயலும் மானும் அணிலும், எஸ்தர் மரம்.

நான் அதிபரிடம் போனேன். அவர் நல்ல மனிதர், கட்டையான ஆள், குரல் மட்டும் உயரம்.

"அண்ணை, அந்தப் பிள்ளைக்கு ஏழு வயசு."

"தெரியும் டீச்சர், தெரியும். ஆனா என்ன பொறுப்பு பாருங்கோ! எங்கட பிள்ளையள் ஒண்டும் அப்பிடி இல்லை."

"பொறுப்பு அவளின்ர தலையில ஏத்தி வைச்சது நாங்கள்."

"சும்மா இருங்கோ டீச்சர். அக்கா எண்டு கூப்பிடுறது மரியாதைதானே. அதுக்கும் குற்றம் கண்டுபிடிச்சா நான் என்ன செய்யிறது?"

பாருங்கள், இதுதான் சிக்கல். ஒருவன் கெட்ட வார்த்தை சொல்லித் துரத்தினால் சண்டை பிடிக்கலாம். புகழ்ந்துகொண்டு ஒரு பிள்ளையின் குழந்தைப் பருவத்தைக் கழற்றி எடுக்கும்போது எங்கே பிடித்து அடிப்பது? ஏசவேண்டும் போல இருந்தது, ஏசுவதற்குச் சொல் கிடைக்கவில்லை. மரத்துக்கு ஒரு பாட்டாவது கொடுங்கள் என்று கேட்டுவிட்டு வந்தேன். கொடுத்தார்கள்.

ஆண்டு விழா அன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. லண்டனின் மறுகோடியில் இருக்கிற கிங்ஸ்பரியிலிருந்தும் உறவுக்காரர் வந்திருந்தார்கள். நாடகம் முடிந்தது, இடைவேளை விட்டோம். ரோல்ஸும் கட்லட்டும் எடுக்கச் சனம் முண்டியடித்தது. அடுத்தது ஆரணியின் நடனம், சுகந்தி அவளுக்குத் தலை பின்ன வேண்டும். கையில் நாலு வயது மகன் கவின், குதித்துக்கொண்டு நிற்கிறான். சுகந்தி சுற்றிவரப் பார்த்தாள். மண்டபத்தில் அத்தனை வளர்ந்த ஆட்கள். அவள் கவினின் கையைக் கொண்டுபோய் எஸ்தரின் கைக்குள் வைத்தாள்.

"அக்காவின்ர கையை விடாத, என்ன?"

நடனம் முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் சுகந்தி வந்தாள். எஸ்தர் நின்றாள். கவினைக் காணவில்லை.

உங்களுக்கு இனி எப்போதாவது இது நடக்கும். நடக்கக் கூடாது என்று மாதாவை வேண்டுகிறேன், ஆனால் நடக்கும். ஒரு பிள்ளையைக் காணவில்லை என்ற சொல் மண்டபத்தில் விழுந்த உடனே ஒருவருக்கும் கையும் ஓடாது காலும் ஓடாது, பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். வாசல் கதவு திறந்து கிடந்தது. வெளியே பஸ் ஓடுகிற பெரிய வீதி. பாதி மண்டபம் வெளியே பாய்ந்தது. நானும் பாய்ந்தேன். "கவின்! கவின்!" என்று கத்தினேன். ஒரு தகப்பன் பொலிசுக்குப் போன் எடுத்துவிட்டார். அவர் சொன்னது என் காதில் விழுந்தது: சின்னப் பையனைக் காணவில்லை, ஒரு பெரிய பெண்பிள்ளைதான் பார்த்துக்கொண்டிருந்தவள். 'பெரிய' என்ற அந்த ஒரு சொல்லில் எனக்குள் ஏதோ இடறியது. திரும்பி உள்ளே வந்தேன்.

உள்ளே எஸ்தரைச் சுற்றி வளையம் போட்டு நின்றார்கள். சுகந்தி, அதிபர், கவினின் மாமன், இன்னும் சிலர். தாய் ஷிப்ட்டில், தகப்பன் கூட்டிப் போக இன்னும் வரவில்லை. அந்த வளையத்துக்குள் அவளுக்கென்று ஒருவரும் இல்லை.

"எங்கயடி விட்டனி? சொல்லன்! எங்க விட்டனி என்ர பிள்ளையை?" சுகந்தி அவளுடைய தோளைப் பிடித்து உலுக்கினாள். தாய் அல்லவா, நான் அதற்குக் கோபிக்கவில்லை.

எஸ்தர் வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

அதிபர் சொன்னார், "அக்காவெண்டு நம்பித்தானே தந்தவை? பொலிஸ் வரட்டும், அவையளிட்ட சொல்லுவாய்."

மாமன் சொன்னான், "பாருங்கோ, ஒரு சொட்டுப் பயமில்லை, கண்ணைக்கூடத் தாழ்த்திறாளில்லை. கறுவலின்ர புத்தி."

அந்தச் சொல்லை நான் இங்கே விழுங்கிவிட்டுப் போகலாம். உங்களுக்கு வேண்டுமென்றே சொல்கிறேன். அது கறுப்பினத்தவரை இகழ எங்கள் வீடுகளில், எங்கள் கார்களில், சாப்பாட்டு மேசையில் புழங்குகிற சொல். வெள்ளைக்காரன் எங்களைப் பார்த்து இனவாதம் பேசினால் மனுக் கொடுக்க ஓடுகிற நாங்கள், அதை வாயில் வைத்துக்கொண்டுதான் ஓடுகிறோம். எனக்குத் தலைக்கு ஏறியது. அவனுடைய கன்னத்தில் ஒன்று போட வேண்டும் என்று கை துடித்தது. ஆனால் பையன் வெளியே வீதியில் நிற்கக்கூடும். கோபத்துக்கு இப்போது நேரமில்லை, பிறகு வட்டியோடு கொடுக்கலாம் என்று பல்லைக் கடித்தேன்.

அப்போது பின்னால் நின்ற ஒரு தாய், தானும் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னாள்:

"நான் ரீ எடுக்க வரேக்கையே கண்டனான். சுவரைப் பாத்துக்கொண்டு, முகத்தை ரெண்டு கையாலயும் பொத்திக்கொண்டு நிண்டவள். ஏதோ பிழை செய்துபோட்டுத்தான் நிக்கிறாள் எண்டு அப்பவே நினைச்சன்."

சுவரைப் பார்த்துக்கொண்டு. முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு.

பிள்ளைகளே, நீங்கள் இப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்டீர்கள். ஒரு ஏழு வயதுப் பிள்ளை சுவரைப் பார்த்து முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றால் அது என்ன செய்கிறது என்று உலகத்தில் யாருக்குத் தெரியாது? ஆரணி அப்படி நின்றிருந்தால் அந்தத் தாய் தேநீரைக் குடித்துக்கொண்டு, ஆர் ஒளிச்சது என்று சிரித்துக் கேட்டிருப்பாள். அந்தக் கரிபியன் ஆசிரியை சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்ன செய்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. எந்தப் பிள்ளை என்று பார்த்தவுடன் பார்வை நின்றுவிட்டது. அதனால் வந்த பிழையைக் கவனியுங்கள். பொறுப்பான பெரிய பிள்ளை கவனமில்லாமல் விட்டுவிட்டாள் என்று நினைத்ததால் மண்டபமே வீதிக்கு ஓடியது. இரண்டு குழந்தைகள் விளையாடினார்கள் என்று நினைத்திருந்தால் முதலில் உள்ளேதான் தேடியிருப்போம்.

"எல்லாரும் தள்ளுங்கோ!" என்றேன். வகுப்பில் இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தும்போது நான் எடுக்கிற குரல் அது. அதிபரும் தள்ளி நின்றார். நான் எஸ்தருக்கு முன்னால் நிலத்தில் இருந்தேன். முழங்கால் அப்போதே முறுமுறுத்தது. இனி அவள் என்னைக் குனிந்து பார்க்க வேண்டும்.

"எஸ்தர், எத்தினை வரைக்கும் எண்ணச் சொன்னவன்?"

அவளுடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அத்தனை பேர் அத்தனை கேள்வி கேட்டார்கள், அதில் ஒன்றுகூட அவளுக்கு விளங்கவில்லை. இது விளங்கியது.

"நூறு வரைக்கும் டீச்சர்."

"எண்ணினியோ?"

"தமிழில எண்ணோணும் எண்டு சொன்னவன். இது தமிழ்ப் பள்ளிக்கூடமாம். நாப்பதுக்குப் பிறகு எனக்கு வரேல்லை. பிறகு திருப்பி ஒண்டில இருந்து எண்ணினனான். பிறகும் வரேல்லை." அவளுடைய கீழுதடு நடுங்கத் தொடங்கியது. "நான் கள்ள விளையாட்டு விளையாடேல்லை டீச்சர்."

மாதாவே! பயல் ஒளிப்பதற்கு ஊர்ப்பட்ட நேரம் கிடைத்திருக்கிறது.

"அப்ப ஏன் பிள்ளை இவை கேட்க நீ சொல்லேல்லை?"

அவள் சுகந்தியைப் பார்த்தாள், பிறகு அதிபரைப் பார்த்தாள். என் காதோடு வந்து சொன்னாள், ஆனால் குழந்தைகளின் இரகசியம் எல்லாருக்கும் கேட்கும்.

"அக்காமார் விளையாடக் கூடாதுதானே. நான் விளையாடிப்போட்டன்."

அவ்வளவுதான் குற்றம். பையன் காணாமல் போனதை அவள் மறைக்கவில்லை. தான் விளையாடியதைத்தான் மறைத்தாள். எனக்கு அழவும் நேரமில்லை.

இங்கே நான் இரண்டு முடிவு எடுத்தேன், கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே தேடுகிறவர்களைத் திருப்பிக் கூப்பிடவில்லை. என் ஊகம் பிழையாக இருந்தால்? அவர்கள் வீதியில் தேடட்டும், பொலிசும் வரட்டும். மற்றது, உள்ளே தேடுவதற்கு வளர்ந்தவர்களை ஏவவில்லை. நாலு வயதுப் பயலின் மூளைக்குக் கிட்டவாக அந்த மண்டபத்தில் இருந்தது ஏழு வயது மூளைதான்.

"உன்ர ஆட்டம் இன்னும் முடியேல்லை. போய்க் கண்டுபிடி" என்றேன்.

சுகந்தி பின்னால் ஓடப் பார்த்தாள். நான் நிலத்திலிருந்தபடியே அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன். "நில். உன்ர சத்தம் கேட்டா அவன் இன்னும் ஒளிப்பான்."

எஸ்தர் போனாள். திரைச்சீலையைத் தட்டிப் பார்த்தாள். பியானோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். கதிரை அடுக்கின் பக்கம் போய் ஒரு கணம் யோசித்தாள். பிறகு நேரே மேடைக்குக் கீழே இருந்த பரிசு மேசைக்குப் போனாள். நிலம் தொடச் சிவப்புத் துணி விரித்து, மேலே கோப்பைகள் அடுக்கியிருந்த மேசை. எஸ்தரிடம் வருவதற்கு முன் அந்த மேசையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டுதான் அதிபர் மைக்கில் கவின், கவின் என்று அலறிக்கொண்டிருந்தார். எஸ்தர் குனிந்து துணியைத் தூக்கினாள்.

"கண்டிட்டன்!"

உள்ளே கவின், கையில் பாதி தின்ற ரோல்ஸோடு, கன்னமெல்லாம் எண்ணெய். அவனுக்கு ஒரே கோபம். "நீ நூறு சொல்லவே இல்லை!" என்று கத்தினான். மண்டபம் முழுக்கத் தன்னுடைய பெயரைச் சொல்லித் தேடத் தேட, எல்லாரும் விளையாட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று சந்தோசத்தில் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறான், பாவி.

சுகந்தி பாய்ந்து அவனை அள்ளி, முதுகில் ஒன்று போட்டு, அதே இடத்தில் முத்தமும் கொடுத்தாள். சனம் சிரித்தது, சிலர் அழுதார்கள், யாரோ கைதட்டினார்கள். அதிபர் ஒரு கதிரையில் இருந்து நெற்றியைத் துடைத்தார். எஸ்தர் துணியின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றாள். ஏசப்போகிறார்களா இல்லையா என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. நான் எழும்ப முடியாமல் நிலத்தில் இருந்துகொண்டு கையை நீட்டினேன். வந்து மடியில் ஏறி இருந்தாள். நல்ல பாரம். இருக்கட்டும்.

பொலிஸ் இரண்டு பேர் வந்தார்கள், மரியாதையான பிள்ளைகள். பையனைக் கண்டதும் அவர்களுக்கும் நிம்மதி. அதில் ஒருத்தி குறிப்பெடுக்கத் தயாராகி, "பையனைப் பார்த்துக்கொண்ட அந்தப் பெரிய பெண்பிள்ளை யார்?" என்று கேட்டாள்.

"அப்படி இங்கே ஒருவரும் இல்லை. இரண்டு சின்னப் பிள்ளைகள் ஒளித்துப் பிடித்து விளையாடினார்கள். பெரியவர்கள் நாங்கள்தான் கவனிக்கவில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பொலிஸ்காரி என் மடியில் இருந்தவளைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள், எழுதிக்கொண்டாள்.

சரியாக அந்த நேரம் எஸ்தரின் தகப்பன் வந்தார். வாசலில் பொலிஸ் கார். உள்ளே பொலிஸ்காரி, அவளுக்கு முன்னால் தன் மகள். அந்த மனிதருடைய முகம் அப்படியே சாம்பலாகப் போனது. நான் அவ்வளவு வேகமாக ஆங்கிலம் பேசியது வாழ்நாளில் கிடையாது. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, விளையாடினார்கள், உங்கள் மகள்தான் கண்டுபிடித்தாள் என்றேன். அவர் ஒரு பெரிய மூச்சு விட்டார். மகளை என் மடியிலிருந்து அப்படியே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அவளுடைய நீளக் கால்கள் அவருடைய முழங்கால் வரை தொங்கின. வாசலால் வெளியே போனார்.

மாமனுக்கு வட்டியோடு கொடுப்பதாகச் சொன்னேனே, அதைக் கொடுத்தேன். கார் நிறுத்துகிற இடத்தில், அவனுடைய மனைவி பிள்ளைகளுக்கு முன்னால். என்ன சொன்னேன் என்று இந்த மண்டபத்தில் சொல்ல ஏலாது, மாதா கோவிப்பா. அதிபரோடும் பேசினேன். அப்போது மைக் திறந்தே இருந்தது என்று பிறகுதான் தெரியவந்தது.

அன்று பின்னேரமே ஜெசிந்தா போன் எடுத்தாள். அழுது ஓய்ந்த குரல்.

"டீச்சர், இனி விடமாட்டன். எங்கட ஆக்கள் வேணும் எண்டு நான்தான் ஆசைப்பட்டனான். அவர் அப்பவே சொன்னவர். இப்ப அவளுக்கு ஏழு வயசிலயே விளங்கிட்டுது."

எங்கள் ஆட்கள் நல்லவர்கள் என்று எந்த வாயால் சொல்வது? மன்னிப்புக் கேட்டேன், அதுகூடப் போதாது என்று தெரியும். பிறகு சொன்னேன், "நிப்பாட்டிறதெண்டா நிப்பாட்டு பிள்ளை, நான் பிழை சொல்லமாட்டன். ஆனா வாற சனிக்கிழமை கேள்வி வட்டத்தில அவள்தான் கேள்வி கொண்டுவாறது. அதை மட்டும் கேட்டிட்டுப் போகட்டும்."

என் வகுப்பில் அந்த வட்டத்தைத் தமிழிலும் நடத்தி வந்தேன். திருக்குறள் மனப்பாடத்துக்கு நேரம் போகிறது என்று பெற்றோர் முறைப்பாடு செய்த வட்டம் அது. அந்தச் சனிக்கிழமை விடிய எழும்பியதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. வருவார்களா மாட்டார்களா? வகுப்புத் தொடங்கி, பிள்ளைகள் வட்டமாக இருந்த பிறகும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தார்கள். ஜெசிந்தா கோட்டைக்கூடக் கழற்றவில்லை, பத்து நிமிசத்தில் போகிற ஆளைப் போலக் கதவடியில் நின்றாள். ஆரணியை விட வந்த சுகந்தியும் அதே கதவில் மற்றப் பக்கம் நின்றாள். இரண்டு பேரும் முகம் பார்க்கவில்லை. எஸ்தர் வட்டத்துக்குள் வந்து, இரண்டு பிள்ளைகளுக்கு இடையில் நெருக்கிக்கொண்டு இருந்தாள்.

"என்ன கேள்வி கொண்டுவந்தனி?" என்றேன்.

அவள் யோசிக்கவே இல்லை. கிழமை முழுக்க வைத்திருந்திருக்கிறாள்.

"நான் எப்ப சின்னப்பிள்ளையா இருந்து முடிச்சனான்?"

கதவடியில் ஜெசிந்தா கையால் வாயைப் பொத்தினாள். எனக்கும் நாக்கு நுனியில் நூறு பதில். இல்லை பிள்ளை, இல்லை ராசாத்தி என்று ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் ஆசிரியர் பேசக்கூடாது. என் நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன், உண்மையாகவே கடித்தேன். சில நேரம் நீங்கள் செய்கிற பெரிய வேலை அதுவாகத்தான் இருக்கும்.

ஒரு பையன் சொன்னான், "பல்லு விழுந்தா முடியும்."

"எனக்கு நாலு விழுந்திட்டுது, நான் இன்னும் சின்னன்தான்" என்றான் இன்னொருவன், வாயைத் திறந்து காட்டி.

"உயரமா வந்தா முடியும்."

"அப்ப அதிபர்?" என்றாள் ஒருத்தி. "அவர் கட்டைதானே?"

வட்டம் உருண்டு உருண்டு சிரித்தது. எஸ்தரும் சிரித்தாள். பக்கத்து அறையில் அதிபர் இருமுவது கேட்டது. அப்போது ஆரணி, இவ்வளவு நேரமும் எஸ்தரையே பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு பெரிய வழக்குக்குத் தீர்ப்புச் சொல்வதைப் போலச் சொன்னாள்:

"நீ இன்னும் முடிக்கேல்லை. உனக்குச் சப்பாத்து லேஸ் கட்டத் தெரியாதே!"

எஸ்தர் குனிந்து தன் காலைப் பார்த்தாள். ஒரு லேஸ் அவிழ்ந்து நிலத்தில் இழுபட்டுக் கிடந்தது.

"தெரியாதுதான்" என்றாள். அவளுடைய குரலில் இருந்த நிம்மதியை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு அந்தக் காலை வட்டத்தின் நடுவில் நீட்டினாள். "அப்ப ஆரும் கட்டி விடுங்கோ."

போன கிழமை நிலத்தில் இருந்ததோடு எனக்கு முழங்கால் மடங்கவில்லை. ஜெசிந்தா ஓரடி எடுத்து வைத்தாள். அவளுக்கு முன்னால் சுகந்தி வந்துவிட்டாள். கைப்பையைத் தோளிலிருந்து கழற்றவும் இல்லை, அப்படியே பிள்ளைகளுக்கு நடுவில் முழந்தாளிட்டாள். முதல் முடிச்சு நழுவியது. ஜெசிந்தாவை நிமிர்ந்து பார்க்காமலே, "நான் அண்டைக்குச் செய்தது சரியான பிழை" என்றாள். பிறகு எஸ்தரிடம், "காலை ஆட்டாம இரு பிள்ளை" என்று சொல்லி இறுக்கிக் கட்டிவிட்டாள்.

எஸ்தர் கட்டிய காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மற்றக் காலையும் நீட்டினாள்.

"இதையும்."

அந்த லேஸ் அவிழ்ந்திருக்கவே இல்லை. சுகந்தி அதை அவிழ்த்துவிட்டு, திரும்பவும் கட்டினாள்.